கண்டல் ஏன் விதையை உதிர்ப்பதில்லை

நண்டும் நாரையும் மனிதனோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆறு கடலைத் தொடும் இடத்தில் பெரிய உப்பங்கழி ஒன்று இருந்தது. பாதி ஆற்றுத் தண்ணீர், பாதி கடல் தண்ணீர். வாயில் வைத்தால் குடிக்கவும் முடியாது, துப்பவும் மனசு வராது, அப்படி ஒரு ருசி. அந்தக் கழியின் கரை நெடுகக் கண்டல் மரங்கள் நின்றன. சேற்றில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், வெயில் உள்ளே இறங்க முடியாத அடர்த்தியில் நின்றன. இன்றைக்கு ஒரு திட்டில் நாலு, இன்னொரு திட்டில் பத்து என்று நிற்கின்றனவே, அதைப் பார்த்து அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கண்டலும் மற்ற மரங்களைப் போலத்தான் இருந்தது. பூக்கும், காய்க்கும், விதையை உதிர்க்கும். புளியங்கொட்டை அளவுதான் விதை. விழுந்த விதை சேற்றில் உட்கார்ந்து, வேர் விட்டு, தானாக முளைத்துக்கொள்ளும். ஆனால் வருஷா வருஷம் காய்க்காது. மூங்கில் மாதிரி பல வருஷம் சும்மா நின்று, உடம்பில் தெம்பு சேர்த்துக்கொண்டு, ஒரே ஒரு வருஷத்தில் கொட்டித் தீர்க்கும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று மரத்துக்கே தெரியாது.

கழியின் வாழ்க்கை வானத்தைப் பார்த்துத்தான் நடந்தது. கோடையில் ஆறு மெலிந்துவிடும். கடல் சும்மா இருக்குமா? மணலை அள்ளி அள்ளிப் போட்டு ஆற்றின் வாயை அடைத்துவிடும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். மீனெல்லாம் ஆழமான பள்ளத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். நண்டு வளைக்குள் இறங்கி வாசலைச் சேற்றால் பூசிக்கொள்ளும். ஐப்பசியில் மழை பிடித்தால் ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். அந்தச் செந்தண்ணீர் கழிக்குள் நுழைந்த அன்றே, கரையில் குடியிருந்த ஜனங்கள் மண்வெட்டியோடு போய் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். அதற்கு வாய் வெட்டுவது என்று பேர். வாய் வெட்டியதும் பழைய உப்புத் தண்ணீர் கடலுக்கு வடியும், சேறு வெளியே தெரியும், அதன்மேல் நல்ல தண்ணீர் மெல்லப் பரவும். கடலிலிருந்து பொடி இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வரும். கண்டல் வேருக்குள் ஒளிந்து வளர்ந்தவை வெளியே போகும்.

கண்டலின் விதைக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான் வாய்ப்பு. பெரிய மரம் உப்பில் நிற்கும். பிஞ்சு நிற்குமா? நம் வீட்டுக் கைக்குழந்தைக்குக் காரக்குழம்பு ஊற்றியா சோறு பிசைவோம்?

ஆகவே கண்டலுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு முறை இருந்தது. காய்த்த வருஷம், செந்தண்ணீர் வந்ததும் கண்டல் கேட்கும்: “வாய் வெட்டுறீங்களா?” முதல் வெட்டு உரிமை உள்ள வீட்டுக்காரர் மணல்மேட்டில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, “வெட்டியாச்சு, இறக்கு தாயே!” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கண்டல் விதையை விடும். ஒரு மரம் விட்டால் கரை முழுக்க எல்லா மரமும் விடும். அப்புறம் விதை வேர் பிடிக்கும்வரை ஒருவரும் கழியில் வலை இறக்க மாட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தி வந்த முறை இல்லை இது. ஆனாலும் ஒருத்தரும் மீறியதில்லை.

நான் சொல்லும் வருஷத்தில் முதல் வெட்டு உரிமை தாண்டவன் என்பவனிடம் இருந்தது. கெட்டவன் இல்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு புகையவில்லை என்றால் தன் சட்டியிலிருந்து பாதியை எடுத்துக் கொடுக்கிறவன். அவன் பெண்டாட்டி பவளாயி. அவளுக்கு வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவாள். பல் இடுக்கில் கயிறு இருக்கும்போதும் பேச்சு நிற்காது. யாரோடு பேசுவாள்? கழிமுனையில், மணல்மேட்டுக்குக் கிட்டே, பெரிய கண்டல் ஒன்று நின்றது. கண்டலம்மா என்று கூப்பிடுவார்கள். அவளோடுதான்.

அந்தக் கோடையில் ஒருநாள் கண்டலம்மா கூப்பிட்டாள். “பவளாயி, இங்க வா. மேல பாரு.”

பவளாயி நிமிர்ந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூ. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “அடி ஆத்தி! முழுகாம இருக்கியா?” என்றாள்.

“ஆமா. எத்தனையோ வருஷம் ஆச்சு. கரை முழுக்க எல்லாரும் பூத்திருக்கோம். இது தப்பிப் போச்சுன்னா இன்னொரு தடவை எனக்குத் தெம்பு இருக்குமோ என்னவோ. மழை மட்டும் நேரத்துக்கு வரணும்.”

“அதெல்லாம் வரும். நாங்க எதுக்கு இருக்கோம்? தண்ணி வந்த நிமிஷம் எங்க வீட்டு ஆளு வாய் வெட்டிடுவாரு.”

கண்டலம்மாவின் வேரடியில் குடியிருந்த நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் இறங்கப் போனது. “ஏன் போற?” என்று கேட்டாள் பவளாயி.

“மனுசங்க வாக்குக் குடுக்கும்போது நான் பக்கத்துல நிக்கிறதில்ல. சாட்சிக்குக் கூப்பிடுவீங்க,” என்றது நண்டு.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நண்டுக்கு எப்போதும் சிடுசிடுப்புதான், பிறவிக் குணம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்த வருஷம் மழை வரவில்லை. ஐப்பசி பிறந்தது, வானம் வெள்ளை வேட்டி விரித்ததுபோல வெறுமனே கிடந்தது. கழி சுருங்கிச் சுருங்கி நடுவில் வந்து நின்றது. மடவை மீன் செத்து மிதந்தது. இறாலோ ஆழப் பள்ளத்துச் சேற்றுக்குள் புதைந்துகொண்டது, கைக்கு அகப்படவில்லை. ஜனங்கள் கருவாட்டுத் தூளைக் கரைத்துக் குடித்தார்கள். பவளாயிக்கு ஒரு கைக்குழந்தை, பூவாயி என்று பேர். தாய்க்கே சோறு இல்லாதபோது பால் எங்கிருந்து சுரக்கும்? முதலில் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. அதுதான் தாண்டவனைக் கலக்கியது. வெறும் பறியோடு திரும்பும் நாளில் அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். குழந்தை தூங்கிய பிறகுதான் உள்ளே வருவான்.

கண்டலம்மாவும் கஷ்டப்பட்டாள். காய்கள் முற்றிவிட்டன. இலையைக் கொட்டினாள், கிளைகளைக் காயவிட்டாள், காயை மட்டும் விடவில்லை. “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க, கண்ணுங்களா,” என்று காற்றில்லாத மத்தியானங்களில் அவள் காய்களிடம் சொல்வது பவளாயிக்குக் கேட்கும்.

கார்த்திகையில் ஒருநாள் மேற்கே வானம் கறுத்தது. மழையென்றால் மழை, அப்படி ஒரு மழை! மறுநாள் காலை செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு கழிக்குள் நுழைந்தது. ஜனங்கள் எலும்பும் தோலுமாக, ஆனால் சிரித்துக்கொண்டு, மண்வெட்டியும் பறியுமாக மணல்மேட்டில் கூடினார்கள். பறியை ஏன் எடுத்து வந்தார்கள் என்று கேட்காதீர்கள். பசித்தவன் கை பாத்திரம் இல்லாமல் எங்கும் போகாது.

கண்டலம்மா கேட்டாள்: “வாய் வெட்டுறீங்களா?”

தாண்டவன் மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். மணல் விலகியது. ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கியது. “வெட்டியாச்சு! இறக்கு தாயே!” என்று கத்தினான்.

கண்டலம்மா விட்டாள். அவ்வளவு நாள் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் விட்டாள். கரை முழுக்க மரங்கள் விட்டன. பொலபொலவென்று விதை தண்ணீரில் கொட்டும் சத்தத்தில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இறால் வந்தது.

கோடை முழுக்கச் சேற்றில் புதைந்து கிடந்த இறால், கடல் வாசனை பட்டதும் கிளம்பிவிட்டது. அத்தனையும் வெட்டிய இடத்தைப் பார்த்து முண்டியடித்துக்கொண்டு வந்தது. உள்ளங்கை நீளத்துக்குக் கொழுத்த இறால்! ஒன்றன்மேல் ஒன்று ஏறி, துள்ளி, மணலில் விழுந்து புரண்டது. தண்ணீரே தெரியவில்லை. ஜனங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயை அகலமாக வெட்டினால் ஒரு பொழுதுக்குள் அத்தனையும் கடலுக்குப் போய்விடும். வலை இறக்கவும் கூடாது. கண்ணெதிரே போகும்.

கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: “ஒரே ஒரு நாள் பொறுத்து வெட்டினா என்ன குடி முழுகிடும், அண்ணே?”

தாண்டவன் பவளாயியின் இடுப்பில் துவண்டு கிடந்த பூவாயியைப் பார்த்தான். பிறகு காலால் மணலைத் தள்ளினான். வெட்டிய வாயைக் காலாலேயே மூடினான். மற்றவர்கள் ஓடிவந்து கையால் மணலை அள்ளிப் போட்டு அமுக்கினார்கள். நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், அவனை முழுசாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கால் அப்படி நகர்ந்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு ஊரே தின்றது. சட்டி சட்டியாக இறாலும் புளியும் கொதித்தன. குழந்தைகள் வாயெல்லாம் குழம்போடு ஓடின. பவளாயி வயிறு நிறையத் தின்றாள். மாலைக்குள் பால் சுரந்தது. பூவாயி இரண்டு கையாலும் தாயைப் பற்றிக்கொண்டு குடித்தாள். தாண்டவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதான்.

மறுநாள் பவளாயி பறியோடு கழிக்குப் போனபோது கண்டலம்மா கேட்டாள். “என்ன பவளாயி, தண்ணி இன்னும் வடியக் காணோம்?”

கழியில் தண்ணீர் ஏறியிருந்தது. அதன்மேல் விதைகள் பாய் விரித்ததுபோல மிதந்தன. வடிந்தால்தானே விதை சேற்றில் போய் உட்காரும்? வடிய வழியில்லாத தண்ணீரில் அவை சும்மா மிதந்து உப்பிக்கொண்டிருந்தன.

“இன்னைக்கு வெட்டிடுவாங்க, கண்டலம்மா,” என்றாள் பவளாயி. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வெட்டியாச்சுன்னு சொன்னாரே உன் வீட்டு ஆளு. என் காதால கேட்டேனே.”

“வெட்டினாரு. நெசமாத்தான் வெட்டினாரு...” என்று இழுத்தாள்.

நண்டுதான் சொன்னது. அது வளையை விட்டு வேரின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. “வெட்டினான், அப்புறம் கால் வச்சு மூடிட்டான். நான் பார்த்தேன். ஊரே பார்த்துச்சு. ஒரு வாயும் பேசல, எல்லா வாயும் மென்னுக்கிட்டு இருந்துச்சு.”

கண்டலம்மா, “குழந்தை பால் குடிச்சாளா?” என்று கேட்டாள்.

பவளாயி தலையாட்டினாள்.

“நல்லது. அவ குடிக்கட்டும். ஆனா இன்னைக்கு வெட்டச் சொல்லு, பவளாயி. விதை ஊறுது. இன்னைக்கு வெட்டினாலும் பாதி பிழைக்கும்.”

பவளாயி வீட்டுக்கு ஓடினாள். தாண்டவன் இறாலை உலர்த்தப் பாய் விரித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, போய் வாயை வெட்டு. மரம் கெஞ்சுது.”

“நாளைக்கு வெட்டறேன்.”

“விதை அழுகுது மாமா!”

“அடிப்பாவி, எத்தனை விதை கெடக்குன்னு பார்த்தியா? கழி கொள்ளாம கெடக்கு. அதுல பத்துல ஒண்ணு முளைச்சாலும் காடு. நம்ம வீட்டுல கெடக்கிறது ஒண்ணே ஒண்ணு.” அவன் குரல் இறங்கியது. “இன்னொரு வறட்சி வந்தா என்ன பண்ணுவேன் சொல்லு. கொஞ்சம் சேர்த்து வச்சுக்கறேன். நாளைக்குக் கண்டிப்பா வெட்டறேன்.”

“நீ வெட்டலன்னா நான் வெட்டறேன்,” என்று சொல்லிப் பவளாயி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தாண்டவன் தடுக்கவில்லை.

இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடம். மணல்மேட்டுக்குப் போனாள். மண்வெட்டியை ஓங்கவும் செய்தாள். கீழே பார்த்தாள். இறால் அப்படியே குவிந்து துள்ளிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் தன் பிள்ளை முனகிய முனகல் அவள் காதில் இன்னும் இருந்தது. மண்வெட்டியை மெதுவாக இறக்கி வைத்தாள். மடி கொள்ளுமட்டும் இறாலை வாரிக் கட்டிக்கொண்டு, கண்டலம்மா இருக்கும் பக்கம் திரும்பாமல், சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தாள். நாளைக்கு அவரே வெட்டிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நாளையும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் புயல் வந்தது.

விடிந்து வெளுத்த நேரம். மலையிலிருந்து ஆறு மரத்தோடும் மாட்டோடும் உருண்டு வந்தது. கடல் பக்கம் காற்று ஊளையிட்டது. மூடிக் கிடந்த கழி எங்கே போகும்? கரையேறிக் குடிசைகளுக்குள் நுழைந்தது. அடுப்பு கரைந்தது, உலர்த்திய இறால் பாயோடு மிதந்தது. தாண்டவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மணல்மேட்டை நோக்கிப் போனான். ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு கண்டல் மரங்களுக்கு ஓடினார்கள். வேறு எங்கே ஓடுவது? அந்தக் கரையில் அசையாமல் நின்றது அவை மட்டும்தான்.

பவளாயி கண்டலம்மாவின் அடியில் வந்து நின்றாள். வெட்கத்தில் கை மேலே எழவில்லை.

“ஏறு,” என்றாள் கண்டலம்மா.

“கண்டலம்மா, நான்...”

“முதல்ல ஏறுடி. பிள்ளை நனையுது.”

பவளாயி ஏறினாள். முந்தானையால் பூவாயியைப் போர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் ஏறினார்கள். கிளைக்குக் கிளை மனிதர்கள் தொங்கினார்கள். கண்டலம்மா எல்லாக் கிளைகளையும் இறுக்கிக்கொண்டு, வேர்களை அகட்டிச் சேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மணல்மேடு உடைந்தது. தாண்டவன் ஒரு வெட்டும் வெட்டவில்லை, அதற்குள் தானாகவே பிய்த்துக்கொண்டது. மெல்ல வடிந்து சேற்றைத் தடவிப் போகவேண்டிய தண்ணீர் ஒரே பாய்ச்சலில் கடலுக்குப் பாய்ந்தது. தாண்டவனை அது உருட்டிக்கொண்டு போனது. கண்டலம்மா ஒரு வேரைக் குறுக்கே போட்டு அவனை மாட்டிப் பிடித்தாள்.

தாண்டவனுக்குப் பின்னால் வந்தது விதைக் கூட்டம். கழி முழுக்க மிதந்த விதையெல்லாம் ஒன்றுசேர்ந்து, கண்டலம்மாவின் காலடி வழியாகவே போனது. அவள் பிள்ளைகள், அக்கம்பக்கத்து மரங்களின் பிள்ளைகள், எல்லாம்.

“பவளாயி! ஒண்ணு ரெண்டாவது பிடிச்சுப் போடேன்!” என்று கத்தினாள் கண்டலம்மா. அவள் அப்படிக் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை.

பவளாயி ஒரு கையால் கிளையைப் பற்றியிருந்தாள். ஒரு கையால் பிள்ளையை அணைத்திருந்தாள். “எந்தக் கையால பிடிப்பேன் ஆத்தா! எந்தக் கையால பிடிப்பேன்!” என்று அழுதாள்.

கண்டலம்மாவுக்கும் அதே நிலைதான். ஒரு கிளையைத் தாழ்த்திக் குறுக்கே விட்டிருந்தால் கொஞ்சம் விதையாவது தங்கியிருக்கும். ஆனால் தாழ்த்த ஒரு கிளைகூடக் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் நாம்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் நம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புயல் ஓய்ந்தது. ஒருவரும் சாகவில்லை. தண்ணீர் வடிந்து சேறு வெளியே வந்தது. வழவழவென்று, ஒரு விதைகூட இல்லாத சேறு. உப்பிப் போன விதை கடலுக்குப் போய் என்ன செய்யும்? அழுகிப்போனது. பாய்ச்சலோடு மீன்குஞ்சும் பொடி இறாலும் போய்விட்டன. நாரைகள் வந்து பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பின. நீர்நாய்க் கூட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக அந்தக் கழியில் இருந்தது. சொல்லிக்கொள்ளாமல் எங்கோ போய்விட்டது. நண்டு வளைக்குள் இறங்கி வாசலைப் பூசிக்கொண்டது. பிறகு வெளியே வந்தபோதும் மனிதனைக் கண்டால் ஒதுங்கியே நடந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவாவது செய்யும் என்று பவளாயி காத்திருந்தாள்.

தாண்டவன் கண்டலம்மாவின் வேரைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நான்தான் பாவி. என்னை வெட்டிப் போடு,” என்றான். கண்டலம்மா அவனைத் திட்டவில்லை. “வீட்டுக்குப் போங்க. கூரை போட்டாகணும்,” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் ஆறியிருப்பான்.

பல வருஷம் போனது. வயசான கண்டல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் நிற்கப் பிள்ளை இல்லை. மரம் போன இடத்தில் சேறு போனது, சேறு போன இடத்தில் கடல் வந்தது. வேர் இல்லாததால் இறாலும் ஒண்ட வரவில்லை. ஜனங்கள் கரையை விட்டுப் பின்னால் பின்னால் போய்க் குடிசை போட்டார்கள். தாண்டவன் ஒவ்வொரு மழைக்கும் ஓடி ஓடி வாய் வெட்டினான். முன்னைவிட நன்றாக, அகலமாக, ஆழமாக வெட்டினான். இறக்கத்தான் ஒரு விதையும் இல்லை.

பிறகு ஒரு கோடையில், பாதிக் கிளை பட்டுப்போன கண்டலம்மா மறுபடியும் பூத்தாள். எங்கோ எஞ்சியிருந்த சில மரங்களும் பூத்தன. பவளாயிக்கு அப்போது தலை நரைத்திருந்தது. பூவைப் பார்த்ததும் முழங்கால் சேற்றில் ஓடிவந்தாள். கண்டலம்மா அவளைப் பார்த்தாள், ஆனால் “மேல பாரு” என்று சொல்லவில்லை.

மழை நேரத்துக்கு வந்தது. செந்தண்ணீர் வந்தது. கண்டலம்மா கேட்பாள் என்று ஊரே மணல்மேட்டில் நின்றது. அவள் கேட்கவில்லை. தாண்டவன் கேட்காமலே வெட்டினான். ஊரே சேர்ந்து வெட்டியது. தண்ணீர் அழகாக வடிந்தது, சேறு தெரிந்தது, நல்ல தண்ணீர் பரவியது.

“வெட்டியாச்சு! இறக்கு தாயே!” என்று தாண்டவன் கூவினான்.

ஒரு காய்கூட விழவில்லை.

“வெட்டியாச்சு தாயே! கண்ணால பாரு! இறக்கு!” குரல் உடைந்து மறுபடியும் கூவினான். கரை முழுக்க அமைதியாக இருந்தது.

பவளாயி கண்டலம்மாவின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கிளையில் தொங்கிய காயின் நுனி பிளந்திருந்தது. அதிலிருந்து பச்சையாக, முருங்கைப்பிஞ்சு போல, ஒரு வேர் கீழ்நோக்கி எட்டிப் பார்த்தது. பக்கத்துக் காயிலும் அப்படியே. விதை கிளையிலேயே முளைத்துக்கொண்டிருந்தது. பவளாயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்து மடி பிடித்தாள்.

“என் மடியில போடு, கண்டலம்மா. ஒண்ணைக்கூட விடமாட்டேன். தண்ணி படாம, உப்புப் படாம, நானே கொண்டுபோய் நட்டுத் தர்றேன். என்னை நம்பு ஆத்தா.”

கண்டலம்மா கிளையை மெல்ல ஒதுக்கிக்கொண்டாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

“வேண்டாம் பவளாயி. நானே வச்சுக்கறேன்.”

கண்டல் மனிதனோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அந்த மழைக்காலத்திலிருந்துதான் கண்டல் விதையை உதிர்ப்பதில்லை. பிள்ளையைக் கிளையிலேயே வைத்துக்கொண்டு, முழ நீளத்துக்கு வேர் வளரும்வரை தானே பால் கொடுத்து, சேற்றில் குத்தி நிற்கும் பலம் வந்த பிறகுதான் கீழே விடுகிறது. வாய் வெட்டியாயிற்றா என்று நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை.